நாலு விரல் லேஸ்

கோணல் தையலைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்யாண வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருப்பேன். எதிர்ப் பந்தியில் இருக்கிற பெண்ணின் ப்ளவுஸ் கையில் லேஸ் ஒரு பக்கம் சுருங்கிக்கொண்டு நிற்கும். அவ்வளவுதான், அதற்கப்புறம் பாயசம் தொண்டையில் இறங்காது. "ஊர்ல இருக்கிற துணியெல்லாம் உன் துணியா? இலையைப் பாத்துச் சாப்பிடு" என்பார் என் வீட்டுக்காரர். அவருக்கென்ன, அவர் சட்டையில் பட்டன் மாறிப் போட்டிருந்தாலே தெரியாது.

கீழ்க்கட்டளையில் ஒரு மாடி வீட்டின் முன்னறையில் மெஷினைப் போட்டுக்கொண்டு பதினெட்டு வருஷமாக லேஸ் வைத்துத் தைக்கிறேன். ப்ளவுஸ் கை, பாவாடை ஓரம், சுடிதார் கழுத்து, பக்கத்துத் தெரு முஸ்லிம் வீட்டுப் பெண்கள் தொழும்போது போட்டுக்கொள்கிற மக்கனா, எல்லாம் வரும். வெட்டித் தைக்க ஏரியாவில் ஆள் நிறைய உண்டு. லேஸ் என்றால் மட்டும் டெய்லர்களே என்னிடம் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவார்கள். லேஸ் வைப்பதை ஓரத்தில் ஒரு தையல் அடிக்கிற வேலை என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம். அப்படி அடித்தால் முதல் சலவையிலேயே பல்லைக் காட்டிவிடும். காட்டன் லேஸை முதலில் தண்ணீரில் ஊறப்போட்டு நிழலில் காயவைக்க வேண்டும். சுருங்குவதை அது அப்போதே சுருங்கித் தொலைக்கட்டும். அப்புறம் பெரிய பெரிய தையலாக ஓட்டிப் பிடித்துக்கொண்டு, லேஸைத் துளிகூட இழுக்காமல், அது போகிற போக்கில் துணியோடு விட வேண்டும். இழுத்தால் துணி சுருங்கும், தளர்த்தினால் லேஸ் அலையடிக்கும். ஆரம்பிக்கிற இடமும் முடிக்கிற இடமும் பக்கத் தையலுக்குள் ஒளிந்துகொள்ள வேண்டும். சரியில்லை என்றால் பிரிக்க வேண்டும். நான் பிரிப்பேன். அரை நூல் விலகியிருந்தாலும் பிரிப்பேன்.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்தப் பெருமைதான் என் தங்கச்சிக்கு நான் செய்த கெடுதலுக்குக் காரணம். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டுகிறேன்.

தங்கச்சி என்னைவிட ஆறு வயது சின்னவள். காட்டாங்குளத்தூரில் ஒரு காலேஜ் ஆபீஸில் வேலை, வீடும் அங்கேயே. கல்யாணமாகி ஏழு வருஷம் குழந்தை இல்லை. அந்த ஏழு வருஷம் அவள் கேட்ட பேச்சையெல்லாம் எழுத எனக்குப் பொறுமை கிடையாது. எட்டாவது வருஷம் வயிற்றில் நின்றது. ஆறாம் மாதம் நடக்கும்போது ஒரு சனிக்கிழமை போன் செய்தாள். "அக்கா, தாம்பரம் மார்க்கெட்டுக்கு வர்றியா? ஒண்ணும் இல்ல, சும்மாதான்."

சும்மா என்று சொல்லிவிட்டு நேராக லேஸ் கடைக்குள் நுழைந்தாள். அந்தக் கடை பாய்க்கு என்னைப் பல வருஷமாகத் தெரியும். ஐந்தாறு ரோல் எடுத்துப் போட்டார். தங்கச்சி ஒவ்வொன்றாக எடுத்து முழங்கையின் உள்பக்கம் தேய்த்துப் பார்த்தாள். கடைசியில் அரை விரல் அகலத்தில், குட்டிக் குட்டிப் பூவாக ஓடுகிற வெள்ளைக் காட்டன் லேஸ் ஒன்றை விடவே மாட்டேன் என்று பிடித்துக்கொண்டாள்.

"இன்னாத்துக்கும்மா?" என்றார் பாய்.

"தலகாணி உறைக்கு."

பாய் அவள் முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தலகாணிக்கு இவ்ளோ மெத்துனு தேவையில்லயே" என்று சொல்லிக்கொண்டே இரண்டு மீட்டர் அளந்து, அதற்குமேல் ஒரு சாண் விட்டு வெட்டினார். "நல்லபடியா ஆவட்டும்மா. போய்ட்டு வா."

எங்கள் வீட்டில் குழந்தை பிறப்பதற்கு முன்னால் அதற்குப் புதுத்துணி எடுக்கக் கூடாது. தைக்கவும் கூடாது. பிறந்ததும் பழைய வேட்டியைத் துவைத்துக் கிழித்து அதில்தான் சுற்றுவார்கள். பதினோராம் நாள் பேர் வைக்கும்போதுதான் புதுசு. அம்மா என்னோடுதான் இருக்கிறாள். தங்கச்சிக்கு மாதம் தள்ளிப்போன அன்றே அப்பாவின் இரண்டு வேட்டிகளை எடுத்துத் துவைத்து மடித்து வைத்துவிட்டவள். அவளிடம் கவுன் என்று வாயைத் திறக்க முடியுமா?

மார்க்கெட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு நடக்கும்போது நான்தான் பயந்தேன். "வேணாம்டி. அம்மாவுக்குத் தெரிஞ்சா என்னை வீட்டை விட்டே துரத்திடுவா. பிறந்தப்புறம் ஒரே நாள்ல தைச்சுக் கொடுத்துடறேன்."

"பிறந்தப்புறம் உனக்கு எங்க நேரம்? எனக்குப் பத்தியச் சோறு ஆக்கவே சரியா இருக்கும்" என்றாள். பிறகு, "அக்கா, கடைசியில நாலு விரல் மட்டும் லேஸ் வைக்காம விட்டுடு. முடிக்காத துணி எப்படிப் புதுத்துணி ஆகும்? பேர் வைக்கிற அன்னிக்குக் காலையில அதை முடிச்சுப் போட்டுடலாம்" என்றாள்.

சிரித்துவிட்டேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், எந்தச் சட்டத்திலும் சந்து கண்டுபிடிப்பாள். ஆனால் அந்த யோசனை எனக்கும் பிடித்திருந்தது. பயத்துக்கும் ஆசைக்கும் நடுவில் நாலு விரல் இடம். யாருக்கு என்ன நஷ்டம்?

அம்மா மத்தியானத்தில் தூங்குகிற நேரமாகப் பார்த்துத் தைத்தேன். வெள்ளை மல் துணி. உள்ளங்கை இரண்டையும் சேர்த்து வைத்தால் அதற்குள் அடங்குகிற உடம்பு. இவ்வளவு சின்னதில் மெஷின் ஓட்ட எனக்கு மனசு வரவில்லை, எல்லாம் கைத்தையல். கழுத்து வளைவில் லேஸைச் சின்னச் சின்ன மடிப்பாக வளைத்துக்கொண்டு வந்தேன். பிசிறு ஒன்றுகூட உள்ளே தெரியாமல் துணிக்குள் மடித்து மூடினேன். முடிச்சுகூட உள்பக்கம் வராமல் இரண்டு மடிப்புக்கு நடுவில் போட்டேன். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் கவுனை உள்ளே வெளியே திருப்பி என் உதட்டில் தேய்த்துப் பார்ப்பேன். உதட்டில் உறுத்தினால் பச்சைக் குழந்தைக்கும் உறுத்தும். கீழ் ஓரத்தில் நாலு விரல் வந்ததும் நிறுத்தினேன். ஊசியைத் துணியிலேயே குத்தி, மீதி லேஸைச் சுருட்டி, பீரோவில் என் பட்டுப் புடவைக்கு அடியில் வைத்தேன். போன் பண்ணி, "நாலு விரல் விட்டாச்சு" என்றேன். அந்தப் பக்கம் அவள் சிரித்தது இன்றைக்கும் காதில் இருக்கிறது.

குழந்தை ஏழாம் மாதக் கடைசியில் பிறந்துவிட்டது. பெண். தாம்பரத்தில் மெயின் ரோட்டை ஒட்டிய ஒரு ஆஸ்பத்திரி. வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். நுரையீரல் இன்னும் வளரவில்லை என்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். உடம்பெல்லாம் டியூப், தலையில் ஒரு குல்லா, இடுப்பில் ஒரு டயப்பர், வேறொன்றும் இல்லை. அப்பா வேட்டியில் சுற்றக்கூட வழியில்லை. இரண்டு நாள் வெளியே நின்று பார்த்தோம். இரண்டாம் நாள் மாலை அம்மாவைத் துணைக்கு வைத்துவிட்டு, சமைத்து எடுத்துவர நான் வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை ஒன்பதே முக்காலுக்குத் தங்கச்சியே போன் செய்தாள்.

"அக்கா, போயிட்டாக்கா."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவள் அழவில்லை.

"அந்தக் கவுனை எடுத்துட்டு வா. அவ இன்னும் ஒண்ணுமே போட்டுக்கல. பதினோரு மணிக்குக் கொண்டுபோறாங்களாம். அதுக்குள்ள வந்துடுக்கா."

"இதோ வரேன்டி" என்றேன்.

எங்களில் பச்சைக் குழந்தையை எரிக்க மாட்டார்கள், புதைப்பார்கள். அதிக நேரம் வைத்திருக்கவும் மாட்டார்கள். பெண்கள் கூடப் போவதும் இல்லை. வயிற்றில் தையலோடு படுத்திருக்கிறவள் எங்கே போவாள்? அவள் குழந்தைக்கு அவள் செய்யக் கூடியது அந்த ஒன்றுதான். என்னிடம் கேட்டதும் அந்த ஒன்றைத்தான்.

பீரோவைத் திறந்து கவுனை எடுத்தேன். ஊசி குத்தியபடி இருந்தது, லேஸ் வால் மாதிரி தொங்கியது. ஊசியைப் பிடுங்கி, லேஸைக் கத்தரித்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். அப்படியே ஒரு கவரில் போட்டுக்கொண்டு ஓடியிருக்கலாம். என்னால் முடியவில்லை. இந்தப் பூமியில் அது போட்டுக்கொள்ளப் போகிற ஒரே துணி. அதில் நாலு விரல் மொட்டையாகவா? ஐந்து நிமிஷ வேலை என்று நினைத்தேன். ஆயிரம் தடவை செய்த வேலை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன்.

நாலு விரலை முடித்துத் திருப்பிப் பார்த்தால் லேஸ் இழுத்துக்கொண்டு துணி சுருங்கியிருந்தது. யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரிந்தது. பிரித்தேன். இரண்டாம் தடவை தைக்கும்போது கண்ணீர் மறைத்தது. தையல் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக ஓடியது. அதையும் பிரித்தேன். நடுவில் தங்கச்சி வீட்டுக்காரர் போன் செய்தார்.

"எங்க வந்துட்டிருக்கீங்க அண்ணி?"

"ஆட்டோல வந்துட்டிருக்கேன் தம்பி. பல்லாவரம் வந்தாச்சு" என்றேன். நூல் பல்லில் இருந்தது. அவருக்கு அது கேட்டிருக்காது.

மூன்றாம் தடவை சரியாக வந்தது. அழகாகவே வந்தது. ஆரம்பம் எது முடிவு எது என்று கண்டுபிடிக்க முடியாதபடி வந்தது. முடிச்சை உள்ளே தள்ளி, உதட்டில் தேய்த்துப் பார்த்தேன். அந்த நேரத்திலும் உதட்டில் தேய்த்துப் பார்த்தேன் என்பதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. மணி பத்தே முக்கால்.

தெருமுனையில் ஆட்டோ கிடைத்தது. "தாம்பரம் ஆஸ்பத்திரி, சீக்கிரம்ப்பா" என்றேன். "பயப்படாதக்கா, இன்னிக்கு ரோடு ஃப்ரீயா கீது, பறந்துடலாம்" என்றான். நிஜமாகவே பறந்தான். பல்லாவரம் சிக்னல்கூடப் பச்சையில் கிடைத்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது பதினொன்று இருபது.

படிக்கட்டில் அம்மா நின்றிருந்தாள். என் கையில் இருந்த கவரைப் பார்த்தாள். "இப்பதான் கொண்டுபோனாங்க. அஞ்சு நிமிஷம் ஆகல. மாப்பிள்ளை, நீ வந்துடுவே வந்துடுவேன்னு பதினோரு மணிக்கு மேலயும் வச்சுகிட்டு நின்னாரு. அவங்க அப்பாதான் வெயில் ஏறுதுன்னு அவசரப்படுத்திட்டாரு" என்றாள்.

"எதுல சுத்தினாங்கம்மா?"

"ஆஸ்பத்திரித் துண்டுலதான்."

தங்கச்சி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கவுனை வாங்கிப் பக்கத்தில், குழந்தை படுத்திருக்க வேண்டிய இடத்தில் விரித்து வைத்தாள். கீழ் ஓரத்தை விரலால் சுற்றித் தடவிக்கொண்டே வந்தாள்.

"முடிச்சுட்டியா?"

"ம்."

"ரொம்ப நல்லா இருக்குக்கா."

அம்மா உள்ளே வந்து, "எங்கடி மாட்டிகிட்டே இவ்வளவு நேரம்?" என்று கேட்டாள்.

"பல்லாவரத்துல ஒரே ஜாம்" என்றேன்.

எங்கள் பக்கத்தில் டிராஃபிக் ஜாம் என்று சொன்னால் யாரும் சாட்சி கேட்க மாட்டார்கள். "அந்த சிக்னல் எப்பவுமே சனியன்" என்றாள் அம்மா. அத்தோடு முடிந்தது. வீட்டுக்குக் கிளம்புகிற அன்று தங்கச்சி கவுனை என்னிடமே கொடுத்துவிட்டாள். "என் வீட்ல இருந்தா நான் அதையே பாத்துகிட்டு உக்காந்திருப்பேன். நீயே வச்சுக்கோ."

ஒரு மாதம் கழித்து அம்மா ஆரம்பித்தாள். பிறப்பதற்கு முன்னாலேயே புதுத்துணி தைத்தாயாக்கும் என்றாள். எனக்கு வந்ததே கோபம். "துணி கொல்லுமாம்மா? நுரையீரல் வளரலன்னு டாக்டர் சொன்னது உன் காதுல விழலையா? இன்னொரு தடவை இதைப் பேசினே, நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்று கத்தினேன். அம்மா அதற்கப்புறம் பேசவில்லை. அந்த விஷயத்தில் நான் தெளிவாகத்தான் இருந்தேன், இன்றைக்கும் இருக்கிறேன். துணி ஒன்றும் செய்யவில்லை. அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் என்னிடம் பதில் இல்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டாவது தீர்த்திருப்பேன்.

மூன்று வருஷம் போனது. தங்கச்சி வேலைக்குப் போனாள், வந்தாள், பொங்கலுக்குப் புடவை எடுத்தாள். குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. போன ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். மெஷின்மேல் யாரோ கொடுத்திருந்த முதல் பிறந்தநாள் கவுன் கிடந்தது, பாதி லேஸ் வைத்தபடி. அவசரமாக அதை எடுத்து மறைக்கப் போனேன். அதற்குள் பார்த்துவிட்டாள்.

"அக்கா, நம்ம கவுன் இருக்கா?"

"இருக்கு."

"குடு, பாக்கறேன்."

எடுத்துக் கொடுத்தேன். ஜன்னல் பக்கம், அன்றைக்கு நான் உட்கார்ந்த அதே இடத்தில் போய் உட்கார்ந்தாள். மடியில் விரித்து, லேஸை ஒரு சுற்றுத் தடவினாள். பிறகு ஓரத்தைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். நான் சாம்பாரைச் சூடு பண்ண அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே அவளைப் பார்த்தேன். அந்த இடத்தில் அவள் விரல் நின்றது.

கல்யாணத்துக்கு முன் நாலு வருஷம் எனக்குக் கூடமாட உட்கார்ந்து தைத்தவள் அவள். மல் துணியில் தைத்துப் பிரித்தால் ஊசி போன துளை அப்படியே நிற்கும். ஒரு சலவை போட்டால் நூல் மலர்ந்து மூடிக்கொள்ளும், ஒன்றும் தெரியாது. அந்தக் கவுனை யாரும் போடவில்லை. அதனால் அது சலவையே பார்க்கவில்லை. மற்ற இடமெல்லாம் ஒரு வரிசைத் துளை. அந்த நாலு விரலில் மட்டும் மூன்று வரிசை.

"ரெண்டு தடவை பிரிச்சிருக்கே" என்றாள்.

நான் அடுப்பை அணைத்தேன்.

"ஜாம்னு சொன்னே."

"ஜாம் இல்லடி."

"அவரு போன் பண்ணும்போது?"

"வீட்லதான் இருந்தேன். இங்கதான் உக்காந்திருந்தேன்."

சொல்லிவிட்டேன். மூன்று வருஷமாக நெஞ்சில் கட்டியாக இருந்தது, வெளியே வந்தால் லேசாகும் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். ஒன்றும் லேசாகவில்லை. அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்ட வேண்டும் என்று விரும்பினேன். எங்கள் இரண்டு பேருக்கும் சண்டை புதிதல்ல, தலைமயிரைப் பிடித்துக்கொண்டு உருண்டிருக்கிறோம். அவள் அந்த நாலு விரலைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"முடிக்காமயே கொண்டு வந்திருக்கலாமேக்கா" என்றாள். குரல் மெதுவாகத்தான் வந்தது. "தையல் நேரா இருக்கான்னு அவளா பாக்கப் போறா?"

நான் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து அவள் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டேன். தள்ளிவிடவில்லை. கையை என் தலைமேல் வைக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சாப்பாடு போடு, பசிக்குது" என்றாள். போட்டேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம். கிளம்பும்போது கவுனை மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். பஸ் ஸ்டாப் வரை கூடப் போனேன். எப்போதும் "வரேன்க்கா" என்று சொல்லிவிட்டு ஏறுவாள். அன்றைக்கும் சொன்னாள்.

அன்றிலிருந்து நான் எந்தத் தையலையும் பிரிப்பதில்லை என்று எழுத எனக்கு ஆசையாக இருக்கிறது. அது பொய். மறுநாள் காலையிலேயே அந்தப் பிறந்தநாள் கவுனை எடுத்தேன். லேஸ் அரை நூல் விலகியிருந்தது. அழுதுகொண்டே பிரித்தேன்.